கேமரா கையில் இருக்கிறது, படிப்பு எதற்கு?

"நல்ல கேமரா வாங்கிவிட்டேன். ஷட்டர், அப்பெர்ச்சர் எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறது. புகைப்பட இதழியலை மூன்று வருடம் கல்லூரியில் போய்ப் படிக்க என்ன இருக்கிறது?" பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். நியாயமான கேள்விதான். கேமராவை இயக்கக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் போதும். ஒளியைப் பார்க்கப் பழக இன்னும் ஓராண்டு ஆகலாம். அதற்குக் கல்லூரி உதவும், ஆனால் கட்டாயமில்லை. ஆசிரியரும் எடிட்டரும் பக்கத்தில் இருந்து திருத்தாமல் யாரும் சரியாகக் கற்றுக்கொள்ளாத விஷயம் வேறொன்று இருக்கிறது. அதுதான் படக்குறிப்பு.

மூன்று வரிக் குறிப்பைக் கற்றுக்கொள்ளவா மூன்று வருடம் என்று தோன்றும். ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஏப்ரல் கடைசி வாரம். கரையில் ஒருவர் வலையை மடியில் போட்டு ஊசியால் கோத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் வரிசையாகப் படகுகள். காலை வெயில். முதலாம் ஆண்டு மாணவர் இந்தப் படத்தின் கீழே எழுதுவது: "காசிமேட்டில் வலை பின்னும் மீனவர்." செய்தி அலுவலகத்தில் படத்தைச் சரிபார்க்கும் டெஸ்க்கில் இருப்பவர் உடனே கேட்பார்: பின்னுகிறாரா, கிழிந்ததைத் தைக்கிறாரா? அது விசைப்படகின் இழுவை வலையா, நாட்டுப்படகு வலையா? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வலை நாட்டுப்படகுக்கு உரியது என்றால் தடைக்காலத்தைப் பற்றிய செய்தியில் அந்தப் படத்துக்கு இடமே இல்லை. அவர் படகின் உரிமையாளரா, கூலிக்கு வலை தைப்பவரா? தடைக்கால நிவாரணம் பற்றிய செய்தி என்றால் இந்த ஒரு விவரத்தில் அர்த்தமே மாறிவிடும். பெயர் என்ன, வயது என்ன, எந்தத் தேதி?

இத்தனைக்கும் பதில் வேண்டும் என்றால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடமாவது பேச வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் புகைப்படக்காரரைப் புகைப்பட இதழியலாளர் ஆக்குகிறது. பேசிய பிறகு எடுக்கும் படமும் மாறும். கூலிக்குத் தைப்பவர் என்று தெரிந்தால், ஒரு நாளில் எத்தனை முழம் தைத்தார் என்று கேட்கத் தோன்றும். கண் விரல் நுனியில் இருக்கும் வெட்டுக் காயத்துக்குப் போகும்.

சர்வதேசச் செய்தி நிறுவனங்களின் படக்குறிப்புக்கு ஒரு பொதுவான அமைப்பு உண்டு. முதல் வாக்கியம் நிகழ்காலத்தில் இருக்கும்: யார், என்ன செய்கிறார், எங்கே, எந்தத் தேதி. இரண்டாம் வாக்கியத்தில் பின்னணி: இது ஏன் செய்தி. படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மீண்டும் வருணிக்க வேண்டாம். "சோகத்துடன் பார்க்கிறார்" என்று எழுதக்கூடாது. அவர் சோகமாக இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? வெயிலில் கண்ணைச் சுருக்கியிருக்கலாம். பெயரை இரண்டு முறை எழுதிக் காட்டி அவரிடமே சரிபார்க்க வேண்டும். முதலெழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டிலும்தான் பிழை அதிகம் நுழைகிறது.

எழுதிய குறிப்பு படத்தோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்குத்தான் ஐபிடிசி மெட்டாடேட்டா என்ற பொதுத் தரமுறை. படக் கோப்புக்குள்ளேயே குறிப்பு, இடம், தேதி, எடுத்தவர் பெயர், உரிமை எல்லாம் பதிந்துவிடும். ஃபோட்டோ மெக்கானிக் போன்ற மென்பொருளில் பொதுவான விவரங்களை ஒரே முறையில் எல்லாப் படங்களிலும் ஏற்றிவிட்டு, தேர்ந்த படங்களுக்கு மட்டும் தனிக் குறிப்பு எழுதுவார்கள். அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று: கேமராவின் கடிகாரம். பேட்டரியைக் கழற்றி நெடுநாள் வைத்திருந்தாலோ, வெளிநாட்டுக்குப் போய் நேரத்தை மாற்றிவிட்டு மறந்தாலோ எல்லாப் படத்திலும் தவறான நேரம் பதிவாகும். இரண்டு கேமரா வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் இரண்டின் நேரத்தையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். தடியடி முதலில் நடந்ததா, கல்வீச்சு முதலில் நடந்ததா என்ற கேள்வி வரும்போது உங்கள் படமே சாட்சியாகலாம். அங்கே ஏழு நிமிட வித்தியாசம்கூடப் பெரிய விஷயம்.

களம் என்றால் என்ன என்பதற்கு ஜல்லிக்கட்டைவிட நல்ல வகுப்பறை தமிழ்நாட்டில் இல்லை. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். ஊடகத்துக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நிற்க ஒதுக்கிய மேடையில் இடம் பிடிக்க விடியும் முன்பே போய்விட வேண்டும். தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 மிமீ லென்ஸ் ஒரு கேமராவில், அகலமாகப் பார்க்கும் 24-70 இன்னொன்றில். புழுதியில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் சென்சாரில் தூசி படியும், அன்றைய படம் எல்லாவற்றிலும் வானத்தில் கரும்புள்ளி விழும். அதனால்தான் இரண்டு கேமரா. ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் கீழே போகக்கூடாது, 1/1600 இருந்தால் நிம்மதி. வாடிவாசலில் முன்கூட்டியே குவியம் வைத்துக் காத்திருந்து, மாடு வெளியே வந்ததும் தொடர் ஆட்டோஃபோகஸில் பின்தொடர வேண்டும்.

புதியவர்கள் செய்யும் தவறு ஷட்டரை விடாமல் அழுத்திப் பிடிப்பது. ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் பெரிய கோப்பாக எடுத்தால் சில விநாடியிலேயே கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, அது திணறி நின்றுவிடும். வீரர் திமிலைப் பிடித்துத் தொங்கும் நொடி சரியாக அப்போதுதான் வரும். மூன்று நான்கு பிரேமாக விட்டு விட்டு எடுக்க வேண்டும். அன்றே படம் போக வேண்டும் என்றால் ஜேபெக்கில் எடுப்பவர்களும் உண்டு. நீளப் பக்கம் 3000 பிக்சல் அளவில் சுருக்கி, முதல் ஐந்து படத்தை முதல் சுற்று முடியும்போதே அனுப்பிவிடுவார்கள். கூட்ட நெரிசலில் மொபைல் டேட்டா படுத்துவிடும் என்பதால் இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்வது வழக்கம்.

பாய்ச்சலையே எடுத்துக்கொண்டிருந்தால் நூறு பேர் எடுத்த அதே படம்தான் உங்களிடமும் இருக்கும். மாட்டை வண்டியில் ஏற்றி வந்த பெண், மருத்துவப் பரிசோதனைக்காகக் காத்திருக்கும் வரிசை, காயம்பட்டவரைத் தூக்கிப்போகும் ஸ்ட்ரெச்சர், மாலையில் வெறிச்சோடிய வாடிவாசல். அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை மரபில் ஒரு படக் கட்டுரைக்கு எட்டு வகைப் படம் வேண்டும் என்று சொல்லித் தருவார்கள்: முழு இடம், நடுத்தூரம், நெருக்கம், உருவப்படம், இருவருக்கிடையிலான உறவு, மொத்தக் கதையையும் சுமக்கும் ஒரு படம், படிப்படியான வரிசை, முடிவு. பழைய முறைதான், இன்றும் உதவும். எண்ணூறு படத்திலிருந்து பன்னிரண்டைத் தேர்வதற்கு அது ஒரு பிடிமானம். குறிப்பின் இரண்டாம் வாக்கியத்துக்கு 2014 உச்ச நீதிமன்றத் தடை, 2017 மெரினா போராட்டமும் சட்டத்திருத்தமும், அந்தத் திருத்தம் செல்லும் என்ற 2023 மே மாத அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு மூன்றும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சென்னை போன்ற ஊருக்கே உரிய இரண்டு தொழில்நுட்பச் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி மூட்டம் படியும். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழக விட வேண்டும். துணியால் துடைத்துப் பயனில்லை, மறுபடி படியும். வீட்டில் அலமாரியில் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பதும் இதே ஈரத்தால்தான். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஒரு சிறு ஈரப்பதமானி வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இரவுப் பொதுக்கூட்ட மேடை. எல்இடி விளக்கும் திரையும் இருக்கும் இடத்தில் 1/500 வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னுகின்றன. 1/100 அல்லது 1/50-க்கு இறங்கினால் கோடு பெரும்பாலும் மறையும். பேச்சாளர் கையை வீசாத நொடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி எங்கே படிப்பது. தமிழ்நாட்டில் இளங்கலையில் புகைப்பட இதழியல் பெரும்பாலும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்புக்குள்தான் வரும். ஓவியம், வரைகலை, விளம்பரம், திரைப்படம் எல்லாவற்றுக்கும் நடுவே புகைப்படத்துக்கு ஓரிரு தாள், அதற்குள் இதழியல் புகைப்படம் சில வாரம். ஆகவே கல்லூரியின் பெயரைவிடச் சில கேள்விகள் முக்கியம். வாரத்துக்கு எத்தனை படப்பணி, அதற்குக் கெடு உண்டா? எடுத்த படங்களைத் திரையில் போட்டு ஒவ்வொன்றாக விமர்சிப்பவர் யார், அவர் செய்தித்துறையில் வேலை பார்த்தவரா? மாணவர்களே நடத்தும் செய்தித்தாள் இருக்கிறதா? ஊடகச் சட்டத்துக்குத் தனித் தாள் உண்டா? கேமரா இரவல் தருகிறார்களா, தந்தால் எத்தனை பேருக்கு ஒன்று? சேரும் முன்பு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து அவருடைய போர்ட்ஃபோலியோவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் படக்குறிப்பு இல்லாமல் வெறும் அழகான படங்கள் மட்டும் இருந்தால் அந்தத் துறை எதைச் சொல்லித் தருகிறது என்பது புரிந்துவிடும்.

என் பரிந்துரை ஒன்று உண்டு. இளங்கலையில் பொருளாதாரம், சமூகவியல், சட்டம், விலங்கியல் என்று ஏதாவது ஒரு பாடத்தை ஆழமாகப் படித்துவிட்டு, முதுகலை அல்லது டிப்ளமோவில் இதழியலுக்கு வாருங்கள். ரோஹிங்கியா அகதிகளைப் படம் பிடித்ததற்காக 2018-ல் ராய்ட்டர்ஸ் குழுவோடு புலிட்சர் பரிசு பெற்ற டானிஷ் சித்திக்கி, டெல்லி ஜாமியா மில்லியாவில் முதலில் படித்தது பொருளாதாரம். பிறகு அங்கேயே வெகுஜனத் தொடர்பியல் மையத்தில் முதுகலை, தொலைக்காட்சியில் செய்தியாளர் வேலை, அதன்பின் 2010-ல் ராய்ட்டர்ஸில் பயிற்சியாளர். செய்தியாளராக இருந்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவர் அவர். அதே மையத்தில் நிழற்படத்துக்கென்றே முதுகலை டிப்ளமோவும் உண்டு. சென்னை தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தின் ஓராண்டு டிப்ளமோவுக்கு எந்தப் பட்டமும் போதும், நுழைவுத் தேர்வு உண்டு. காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் புகைப்பட வடிவமைப்பில் முதுகலை இருக்கிறது. ஊட்டியின் லைட் அண்ட் லைஃப் அகாடமி 2001 முதல் நடக்கிறது, ஒளியமைப்பில் கெட்டியான பயிற்சி தருவார்கள், ஆனால் அதன் நாட்டம் விளம்பரப் படங்கள் பக்கம். வெளிநாடு என்றால் செலவு குறைந்த வழி டாக்கா: வங்கதேசப் புகைப்படக்காரர் ஷாஹிதுல் ஆலம் 1998-ல் தொடங்கிய பாடசாலா என்ற புகைப்படப் பள்ளியிலிருந்து தெற்காசியாவின் நல்ல ஆவணப் புகைப்படக்காரர்கள் பலர் வந்திருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் இதழியல் பள்ளி, அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகம், நியூயார்க்கின் ஐசிபி என்ற சர்வதேசப் புகைப்பட மையம் ஆகியவை பெரிய பெயர்கள். உதவித்தொகை கையில் வராமல் கடன் வாங்கிக்கொண்டு அங்கே போகச் சொல்ல மனம் வரவில்லை. இந்தத் தொழிலின் வருமானத்தில் அந்தக் கடன் அடையாது.

படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். புகைப்படத்துக்கும் அதில் இடமுண்டு. தமிழில் எழுதி, தமிழ் எடிட்டரின் சிவப்பு மையைப் பார்க்க அதைவிட நல்ல வழி குறைவு. கேமரா விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள பழைய கேமராவும் 35 மிமீ லென்ஸும் போதும். அது ஃபுல் ஃபிரேமில் 50 மிமீ பார்ப்பதுபோலப் பார்க்கும், ஆளை நெருங்க வைக்கும்.

ஒழுக்க விதிகளைத் தேர்வுக்கான பாடமாக நினைக்காதீர்கள், வேலையே அதில் நிற்கிறது. 2003-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸின் பிரையன் வால்ஸ்கி ஈராக்கில் எடுத்த இரண்டு படங்களை ஒட்டி ஒன்றாக்கினார், வேலை போனது. 2006-ல் ராய்ட்டர்ஸுக்குப் படம் எடுத்த அட்னான் ஹஜ் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையைக் குளோன் செய்து, அதாவது நகலெடுத்து ஒட்டி, அடர்த்தியாக்கினார். ராய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு படம் பொய் என்றால் மற்ற 919-ஐயும் யார் நம்புவது? 2015 வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் கடைசிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு, ரா கோப்போடு ஒப்பிட்டபோது தகுதி இழந்தது. சென்சார் தூசியை நீக்கலாம், வெட்டிச் சீராக்கலாம், வெளிச்சத்தை அளவாகச் சரிசெய்யலாம். மூலையில் துருத்தும் ஒரு கையை அழிக்கக்கூடாது. நிழலை இருட்டாக்கி அங்கிருந்த ஆளை மறைப்பதும் அழிப்பதுதான்.

சட்டத்தில் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் குழந்தைகள். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு, போக்சோவின் 23-வது பிரிவு இரண்டும் குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை விதிக்கின்றன. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு காக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டேன் என்பது போதாது. பள்ளிச் சீருடை, வீட்டு வாசலின் கதவு எண், பக்கத்தில் நிற்கும் அம்மாவின் முகம், தெருமுனைக் கோயில் என்று எது வழியாகவும் ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள். எடுக்கும்போதே முதுகுப்புறமாக, கைகளாக, நிழலாக எடுத்தால் பின்னால் மறைக்க வேண்டிய தேவையே இராது.

உங்கள் படத்தின் உரிமை யாருக்கு என்பது பலர் கல்லூரியிலும் கற்காமல், சண்டை வந்த பிறகே தெரிந்துகொள்வது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்து எடுத்த படத்தைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மற்ற உரிமைகள் எடுத்தவருக்கு. வேறொருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை அவருக்குத்தான். யாரும் கேட்காமல் நீங்களே போய் எடுத்தது உங்களுடையது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்" என்ற வரியுள்ள தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். நியாயமான எடிட்டர் மறுக்க மாட்டார்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்திரிகைகளில் முழுநேரப் புகைப்படக்காரர் பணியிடங்கள் குறைவு, யாராவது விலகினால்தான் காலியாகும். பெரும்பாலோர் மாவட்டத்தில் ஸ்டிரிங்கராக, அதாவது சம்பளமில்லாத பகுதிநேரப் படக்காரராகத் தொடங்குகிறார்கள். பிரசுரமான படத்துக்கு மட்டும் காசு, பெட்ரோல் உங்களுடையது. செய்தி நிறுவனங்களில் வேலை வேகமானது, ஒழுங்கு கடுமையானது, ஆங்கிலக் குறிப்பு எழுதத் தெரிந்தே ஆக வேண்டும். களத்தைவிட டெஸ்க்கில் வாய்ப்பு அதிகம் என்பதை மாணவர்கள் கவனிப்பதில்லை. ஃபோட்டோ எடிட்டர் நாள் முழுக்க வந்து குவியும் படங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, குறிப்பைச் சரிபார்த்து, பக்கத்துக்கு அனுப்புகிறார். அந்தத் தேர்வுக் கண் பிடிபட்டுவிட்டால் அது நிலையான வேலை.

படச் சரிபார்ப்பு இப்போது வளரும் துறை. தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்கள் பரவும் படத்தைப் பின்னோக்கித் தேடி, நிழல் விழும் திசை, கடைப் பெயர்ப்பலகை, வண்டி எண் பலகை ஆகியவற்றை வைத்து எங்கே எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்கின்றன. களத்தில் நின்று படம் எடுத்தவர்களுக்கு இந்த வேலை இயல்பாக வரும். செயற்கை நுண்ணறிவுப் படங்கள் பெருகியபின் கேமரா நிறுவனங்களும் எந்தக் கேமராவில் எடுத்தது, பிறகு மாற்றப்பட்டதா என்று காட்டும் மூலச்சான்றைப் படத்துக்குள்ளேயே பதிக்கத் தொடங்கிவிட்டன. 2023-ல் வந்த லைக்கா எம்11-பி அதில் முதலாவது.

நீண்டகால ஆவணப் பணிக்கு பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய, கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்யும் பாரி இணையதளம் தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்களுக்கு ஒரு பெரிய வாசல். மலக்குழித் தொழிலாளர்களின் மரணங்களை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவரும் எம். பழனிகுமாரின் படங்கள் அங்கே வருகின்றன. ஒரே விஷயத்தோடு பல வருடம் இருந்தால் என்ன கிடைக்கும் என்று அறிய அவற்றைப் பாருங்கள். தொண்டு நிறுவனங்களின் ஆவணப் பணி சம்பளம் தரும், ஆனால் அது அவர்களுடைய கதை, உங்கள் செய்தி அல்ல. இரண்டையும் ஒரே போர்ட்ஃபோலியோவில் கலக்க வேண்டாம். கல்லூரியில் கற்பிக்கும் வேலைக்கு முதுகலையோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம் வேண்டும். திருமணப் படம் எடுத்து வீட்டு வாடகை கட்டும் நல்ல புகைப்பட இதழியலாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை.

கலவரம், வெள்ளம், எல்லை என்று போக விரும்புகிறவர்கள் முதலுதவிப் பயிற்சி முடிக்காமல் போகவே கூடாது. டானிஷ் சித்திக்கி 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். 2011-ல் லிபியாவின் மிஸ்ராட்டாவில் போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் ரத்தப்போக்கால் இறந்தார். அதற்குப் பிறகே அவருடைய நண்பரும் எழுத்தாளருமான செபாஸ்டியன் யுங்கர் ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சி தர ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கினார். பையில் ரத்தப்போக்கை நிறுத்தக் கை கால்களில் இறுக்கிக் கட்டும் ஒரு டூர்னிகே பட்டையும், அதைக் கட்டத் தெரிந்த கையும் இருக்கட்டும். ஃப்ரீலான்ஸ் வேலைக்கு அனுப்புகிறவரிடம் காப்பீடு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தியாவில் ஒரு படத்தின் பதிப்புரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து இன்னும் 60 ஆண்டும் இருக்கும். ஆனால் அத்தனை காலமும் படம் பயன்படக் குறிப்பு வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் பத்திரிகைகள் 2004 சுனாமிப் படங்களைத் தேடுகின்றன. அன்று நாகப்பட்டினத்திலும் மெரினாவிலும் எடுத்த கோப்புகளில் இடமும் பெயரும் நேரமும் பதிந்தவை மட்டுமே இன்றும் பக்கத்துக்குப் போகின்றன. மற்றவை ஹார்ட் டிஸ்கில் எண்ணாக மட்டும் கிடக்கின்றன. படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.